கோவை – எஸ்லிங்கன் மாணவர் பரிமாற்றம்: எங்கிருந்து தொடங்குவது?

#1 சிங்காநல்லூரான்

வணக்கம்ங்க. சிங்காநல்லூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு இரண்டு வாரம் அனுப்பி, அந்தப் பள்ளிப் பிள்ளைகளை இங்கே இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று போன கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம்.

ஊர் எது என்று ரொம்ப யோசிக்கவில்லை. கோவைக்கும் ஜெர்மனியின் எஸ்லிங்கனுக்கும் ஏற்கெனவே நகர அளவில் நட்பு உண்டு. ஸ்டுட்கார்ட்டை ஒட்டி, நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ஃபெஸ்டோ கம்பெனியின் தலைமையிடம் அங்கேதான். பம்பும் மோட்டாரும் லேத்துமாக வளர்ந்த நம் ஊருக்குப் பொருத்தம்தானே?

இப்போதைக்கு யோசித்திருப்பது இவ்வளவுதான்: 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள், மே மாதப் பயணம். அந்த வகுப்புக்கு 2025-26 முதல் பொதுத்தேர்வு கிடையாது என்பதால் தோதாக இருக்கும். ஹோட்டல், பஸ், சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு டிராவல்ஸில் ஆளுக்கு இரண்டு லட்சம் சொல்கிறார்கள். பாதி பெற்றோர், பாதி சங்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வாலாங்குளம்

பாதி என்றால் ஒரு லட்சம். உதவி பெறும் பள்ளியில் ஒரு லட்சம் எடுத்து வைக்கிற வீடு எத்தனை இருக்கும்? கடைசியில் கமிட்டி ஆட்களின் பிள்ளைகளும், பேக்கரி வைத்திருப்பவர் பையனும் ஏறிப் போவார்கள். மற்ற பிள்ளைகள் வாசலில் நின்று கையசைக்கும், அதையும் போட்டோ எடுத்துப் போடுவீர்கள்.

அந்தப் பணத்தில் லேப் கட்டுங்கள். இல்லை, இது டூர்தான் என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

#3 ஸ்டுட்கார்ட் சித்தப்பா

சூலூர்க்காரன், இங்கே வந்து பல வருடம் ஆச்சு. எஸ்லிங்கன் எனக்கு எஸ்-பான் ரயிலில் போய் வருகிற தூரம்தான்.

வாலாங்குளம் சொல்வது கோபமாக இருந்தாலும் விஷயம் சரி. ஹோட்டல் என்ற சொல் வந்த இடத்திலேயே இது பரிமாற்றம் இல்லை என்று ஆகிவிடுகிறது. இங்கே பள்ளிப் பரிமாற்றம் என்றால் ஜோடி சேர்ப்பது. உங்கள் பெண் ஒருத்தி, இங்கே ஒருத்தி. அவள் உங்கள் வீட்டில் தங்குவாள், பிறகு உங்கள் பெண் அவள் வீட்டில் தங்குவாள். சாப்பாடும் படுக்கையும் அந்தந்த வீட்டுப் பொறுப்பு. காலையில் ஜோடியோடு பள்ளிக்குப் போக வேண்டும். சில நாள் பொதுவாக வெளியே கூட்டிப் போவார்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் எலிசே ஒப்பந்தம் போட்டபோது இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தார்கள். அதற்கு இருபது வருடம் முன்னால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். இன்றைக்கும் என் மகள் படிக்கிற பள்ளியில் பிரெஞ்சுப் பிள்ளைகள் வந்து இப்படித்தான் வீடுகளில் தங்குகிறார்கள்.

ஆக டிராவல்ஸ்காரர் கணக்கில் முக்கால்வாசி தேவையில்லாதது. மிஞ்சுவது விமான டிக்கெட், இன்சூரன்ஸ், இங்கே ரயில் டிக்கெட், கைச்செலவு. கோவையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வந்து ரயில் பிடிப்பது சுலபம்.

இன்னொன்று. ஜெர்மன் பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது தலைமை ஆசிரியருக்கு மட்டும் எழுதாதீர்கள். அங்கே இதை இழுத்துப் போட்டுச் செய்யப்போவது ஓர் ஆங்கில ஆசிரியரோ புவியியல் ஆசிரியரோதான். அந்த ஒரு ஆள் கிடைக்காவிட்டால் மேயர் கையெழுத்தே போட்டாலும் நகராது. பணத்துக்கு அவர்கள் பக்கம் வழி உண்டு. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கப் பள்ளிகளோடு கூட்டு வைக்கிற ஜெர்மன் பள்ளிகளுக்கு ‘என்சா’ என்ற திட்டம் இருக்கிறது. அவர்களின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகத்தின் பணம். விண்ணப்பம் ஜெர்மன் பள்ளிதான் போட வேண்டும். பான் நகரில் பி.ஏ.டி. என்று பள்ளிப் பரிமாற்றத்துக்கான அலுவலகம் ஒன்றும் இருக்கிறது, அவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

#4 கணக்கு டீச்சர் (ரிட்டயர்ட்)

தம்பி சிங்காநல்லூரான், 11-ஆம் வகுப்பு வேண்டாம்.

பொதுத்தேர்வு இல்லை என்பது காகிதத்தில். 11 முடிந்த மே மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? நீட் கோச்சிங், ஜே.இ.இ. கோச்சிங், ஒன்றும் இல்லாவிட்டால் ட்யூஷன் மாஸ்டர் 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஏப்ரலிலேயே தொடங்கியிருப்பார். 10 முடிந்தவர்களும் ஆகாது. மே மாதம் ரிசல்ட், உடனே குரூப் எடுக்கிற அலைச்சல். அப்பா அம்மா கையில் பாஸ்போர்ட்டுக்குப் பதில் மார்க் ஷீட்தான் இருக்கும்.

9-ஆம் வகுப்பு பாருங்கள். ஜெர்மன் பிள்ளைகள் பிப்ரவரியில் இங்கே வரட்டும். வெயில் ஏறியிருக்காது, மழையும் இருக்காது, 9-க்குப் பொதுத்தேர்வு நெருக்கடியும் கிடையாது. நம் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு மே மாதம் போகட்டும். ஜூனில் 10-ஆம் வகுப்பு திறக்கும்போது வந்துவிடுவார்கள். சித்தப்பா, மே மாதம் அங்கே பள்ளி நடக்குமா? பூட்டிய பள்ளிக்கு அனுப்பி என்ன பண்ண?

#5 ஸ்டுட்கார்ட் சித்தப்பா

நடக்கும் டீச்சர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது, செப்டம்பர் நடுவில் திறப்பார்கள். ஆனால் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வாரம் விடுமுறை வரும். சில வருடம் மே கடைசியில், சில வருடம் ஜூனில். அதனால் மே முதல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் இங்கே கார்னிவலை ஒட்டிப் பல பள்ளிகளுக்கு ஒரு வாரம் லீவு. அதோடு இன்னொரு வாரம் சேர்த்து அனுப்புவது அவர்களுக்கும் சுலபம்.

தேதி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

#6 ஒண்டிப்புதூர் அம்மா

என் பெண் 8-ஆவது படிக்கிறாள், அடுத்த வருடம் 9. நீங்கள் பேசுகிற பள்ளி எது என்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை.

நாங்கள் இருப்பது லைன் வீடு. மாமனார் மில்லில் இருந்த காலத்திலிருந்து அதே வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. பாத்ரூம் லைனுக்கே பொது, காலையில் ஆறு மணிக்கு முன்னாடி போனால்தான் காலியாக இருக்கும். என் பெண் இங்கிலீஷில் தைரியமாகப் பேசுவாள், டிஸ்ட்ரிக்ட் அளவில் பேச்சுப்போட்டிக்குப் போயிருக்கிறாள். ஆனால் நீங்கள் சொல்கிற முறைப்படி ‘வீட்டில் தங்க வைக்க முடிந்தவர்கள் மட்டும்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் அவள் பெயரைக் கொடுக்கவே மாட்டாள். எங்களிடம் கேட்கவும் மாட்டாள். பணம் இல்லை என்றால் யாராவது கொடுப்பார்கள். வீடு இல்லை என்றால் யார் கொடுப்பார்கள்?

இதை யோசித்தீர்களா?

#7 வாலாங்குளம்

இதைத்தான் நான் வேறு மாதிரி சொன்னேன். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

#8 ஒரு வருசம் போய் வந்தவள்

நான் ரோட்டரி மூலமாக, பள்ளியில் படிக்கும்போது ஒரு கல்வியாண்டு முழுக்க பிரான்சில் இருந்தேன். அது நீளமான திட்டம், உங்களுடையது போல இல்லை. ஆனால் ஒண்டிப்புதூர் அம்மா கேட்டதற்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

அந்தத் திட்டத்தில் ஆள் நேரடியாகக் கைமாறுவதில்லை. நான் தங்கிய வீட்டுப் பிள்ளைகள் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இங்கே வந்த பிரேசில் பையன் வேறு குடும்பங்களில் தங்கினான். கிளப் கிளப்பாகத்தான் கணக்கு. எனக்கு அங்கே வீடும் ஒன்றில்லை, வருடத்துக்குள் மூன்று மாறினேன். ‘போகிற பிள்ளையின் வீடுதான் இடம் கொடுக்க வேண்டும்’ என்பது ஒரு வழக்கம்தான், சட்டம் இல்லை. தங்க வைக்கிற வீட்டுக்கு அவர்கள் பார்ப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. தனிக் கட்டில் இருக்க வேண்டும், அறையைப் பகிர்ந்தால் அதே பாலினம், ஏறக்குறைய அதே வயது. தனி அறை கேட்கவில்லை.

அதனால் ராத்திரி வீடு ஒன்று, பகல் வீடு ஒன்று என்று பிரிக்கலாமே? ஜெர்மன் பெண் ராத்திரி யாராவது முன்னாள் மாணவர் வீட்டில் தூங்கட்டும். சாயந்திரம் பள்ளி விட்டதும் அம்மா வீட்டுக்குப் போகட்டும், அங்கே சாப்பிடட்டும், லைனில் இருக்கிற பிள்ளைகளோடு விளையாடட்டும். ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் விட்டால் போதும். எனக்கு பிரான்சில் ஞாபகம் இருப்பதெல்லாம் தூங்கிய அறை இல்லை, அடுப்படிதான்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். அது நான்கைந்து நாளில் பழகிவிடும். பழகாதது மௌனம். மேசையில் அவர்கள் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது நமக்கு மட்டும் புரியாது. உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடத் தோன்றும். இரண்டு வாரத்தில் தினமும் வீடியோ கால் என்று விட்டுவிட்டால் பிள்ளை உடம்பு மட்டும்தான் ஜெர்மனியில் இருக்கும்.

#9 ஸ்டுட்கார்ட் சித்தப்பா

மௌனம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: இங்கே பல வீடுகளில் ராத்திரிக்கு அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், வேண்டுமானால் குளிர்ந்த இறைச்சித் துண்டு. ‘என் பிள்ளைக்குச் சோறு போடவில்லை’ என்று முதல் நாளே போன் வரும். அது அலட்சியம் இல்லை, அவர்கள் தினமும் சாப்பிடுவதே அதுதான் என்று பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்காது என்பதையும்.

பகல் வீடு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஜெர்மன் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொது பாத்ரூம் என்றால் பொது பாத்ரூம் என்று எழுதுங்கள். தெரிந்து வருகிற பிள்ளை தாங்கிக்கொள்ளும். வந்த பிறகு தெரிந்தால்தான் பிரச்சினை.

#10 ஆடிட்டர் அண்ணாச்சி

பணம் பற்றி ஒருத்தரும் சரியாகப் பேசவில்லை, அதனால் வருகிறேன்.

ஒன்று. ஜெர்மன் பள்ளியோ அங்கிருக்கிற அறக்கட்டளையோ ‘உங்கள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சங்கத்தின் கணக்கில் 500 யூரோ போட்டால்கூட அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் வருட எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் திறக்கிற கணக்குக்குத்தான் வர வேண்டும். நல்ல மனசோடு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவரவர் செலவை அவரவர் நாட்டில் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சித்தப்பா சொன்ன திட்டத்தில் பணம் கிடைத்தால், அவர்களே நேரடியாக டிக்கெட் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதையும் உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு. கூடப் போகிற ஆசிரியர் அரசு ஊழியராக இருந்தால், வெளிநாட்டில் மற்றவர் செலவில் தங்கிச் சாப்பிடுவதற்கு அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். துறை அனுமதி தனி. உதவி பெறும் பள்ளி ஆசிரியர் என்றால் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் ‘போய்ட்டு வாங்க சார்’ என்று சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

மூன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று விற்பவரே வரியை முன்கூட்டிப் பிடிப்பார். வருமான வரி ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். ரிட்டர்ன் போடுகிற பழக்கமே இல்லாத பெற்றோருக்கு அது போன பணம்தான். டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

#11 சிங்காநல்லூரான்

அண்ணாச்சி, நல்லவேளை சொன்னீர்கள். எஸ்லிங்கன் பக்கமிருந்து ‘சிறிய தொகை அனுப்பலாமா’ என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பாஸ்போர்ட், விசா யாராவது சொல்லுங்களேன். எங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம்கூட பாஸ்போர்ட் இல்லை.

#12 டோக்கன் நம்பர் 47

விசா விண்ணப்ப வேலையில் இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

முதல் தலைவலி இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் ‘செ. கார்த்திகா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் செல்வராஜ், கொடுத்த பெயர் கட்டத்தில் கார்த்திகா. பலர் அந்தக் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், நமக்கு அது இல்லையே என்று. அப்படி விட்டால் விமான டிக்கெட்டில் ஆரம்பித்து எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களைத் தடுத்தபோது நம் ஊர் ஆட்கள் பட்ட பாடு நினைவிருக்கும். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆதாரில் ‘கார்த்திகா’வுக்கு நடுவில் ஓர் எச் கூடுதலாக இருந்தால் அதைத் திருத்தவே நாள் ஓடிவிடும்.

9-ஆம் வகுப்பு என்றால் வயது 14. 15 ஆகாதவர்களுக்கு பாஸ்போர்ட் 5 வருடமோ 18 வயது ஆகும் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும், கட்டணம் 1,000 ரூபாய். அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தோடு ‘டி’ இணைப்புப் படிவம். ஒருவர் பிரிந்து போயிருந்தாலோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலோ ‘சி’ படிவம். இதைப் பொதுக்கூட்டத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொரு அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

விசா: குறுகிய கால ஷெங்கன், அதாவது ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பள்ளி மாணவர்களும் கூடப் போகும் ஆசிரியர்களும் கல்விக்காகப் போனால் விசாக் கட்டணம் கிடையாது என்று ஷெங்கன் விதியிலேயே இருக்கிறது. ஜெர்மன் பள்ளியின் அழைப்புக் கடிதத்தில் கல்விப் பரிமாற்றம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். 12 வயது தாண்டியவர்கள் கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும், ஆக பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சென்னைப் பயணம் கணக்கில் சேருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் தேடாதீர்கள், கோடையில் கிடைக்காது.

#13 ஒண்டிப்புதூர் அம்மா

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. பெண் பிள்ளையை முகம் தெரியாத வீட்டில் விடுகிறோம்.

#14 கணக்கு டீச்சர் (ரிட்டயர்ட்)

இரண்டு பக்கமும் பேச வேண்டிய விஷயம் அம்மா. அவர்கள் பிள்ளையும் நம் ஊரில் முகம் தெரியாத வீட்டில்தான் தூங்கப்போகிறது.

நம் பக்கம்: தங்க வைக்கிற வீட்டில் 18 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு. மாமா, சித்தப்பா, மாடியில் குடியிருக்கிற பேச்சிலர் வரைக்கும். யாராவது முகம் சுளித்தால் அந்த வீடு வேண்டாம், அவ்வளவுதான். ஒரு ஆண், ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம். ராத்திரி எந்த நேரமும் எடுக்கிற மாதிரி ஒரு போன் நம்பர் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும், பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்மணியின் நம்பராக இருந்தால் இன்னும் நல்லது. சொந்த டீச்சரிடம் சொல்லத் தயங்குகிற பிள்ளை வெளியாளிடம் சொல்லும். தப்பு நடந்ததாகத் தெரிந்தால் மூடி மறைக்கிற பேச்சே கூடாது. போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

வெளிநாட்டுக்காரர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், முன்பு ‘சி’ படிவம் என்று இருந்தது. ஹோட்டலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், சாதாரண வீட்டுக்கும் உண்டு. (டோக்கன் தம்பி சொன்ன ‘சி’ வேறு, இது வேறு.)

#15 ஸ்டுட்கார்ட் சித்தப்பா

இங்கே குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கென்று விரிவான நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று தனியாக உண்டு. தங்க வைக்கும் குடும்பங்களிடம் அதைக் கேளுங்கள். வீடியோவில் இரு குடும்பமும் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை பேசட்டும். தாத்தா பாட்டியும் வந்து உட்காரட்டும்.

சொல்ல வேண்டிய இன்னொன்று: ஜெர்மனியில் 16 வயதில் பீரும் ஒயினும் கடையில் வாங்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. எஸ்லிங்கனைச் சுற்றி மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். ஜோடிப் பிள்ளையின் அண்ணன் சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு ஒயின் குடிப்பதை உங்கள் பிள்ளை பார்க்கும். அதைப் பார்த்து அதிர்ச்சியாகவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். விதியை எழுத்தில் கொடுங்கள்.

#16 வாலாங்குளம்

எல்லாம் சரி. தேர்வு எப்படி? அரைப் பரீட்சை மார்க்கை வரிசையாக அடுக்கி முதல் பன்னிரண்டு பேர் என்றால் நான் இன்னும் எதிர்ப்பாளன்தான். முதல் ரேங்க் பையன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். இது அவனுக்குப் போடுகிற திட்டமா?

#17 கணக்கு டீச்சர் (ரிட்டயர்ட்)

மார்க் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுக்கக் குலுக்கலும் வேண்டாம், ராத்திரி தனியாகத் தூங்கப் பயப்படுகிற பிள்ளையைச் சீட்டு விழுந்ததென்று தள்ள முடியாது. என் யோசனை: விருப்பப்படும் எல்லாரும் பிப்ரவரிக்கு முன் ஜெர்மன் பிள்ளைகளுக்கு நம் ஊரைக் காட்டுகிற வேலையில் இறங்கட்டும். உக்கடம் குளத்துக்கு யார் கூட்டிப் போவது, பட்டறையில் மோட்டார் சுற்றுவதை யார் விளக்குவது, பொங்கல் முடிந்த வீட்டில் மிச்சமிருக்கும் கரும்பை எப்படிக் கடிப்பது என்று யார் காட்டுவது. அதில் யார் புதுப் பிள்ளையிடம் போய்ப் பேசுகிறது, யார் கூட்டத்தில் விட்டுப்போனதைக் கவனிக்கிறது என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலிலிருந்து குலுக்குங்கள். பாதி இடம் ஆண்டு வருமானம் குறைந்த வீடுகளுக்கு, பைசா வாங்காமல்.

#18 வாலாங்குளம்

இதற்கு நான் 5,000 தருகிறேன். லேப் இன்னும் ஞாபகம் இருக்கட்டும்.

#19 சிங்காநல்லூரான்

எல்லாருக்கும் நன்றிங்க. கமிட்டி வாட்ஸ்அப்பில் போட்டுச் சண்டையும் முடிந்தது. டிராவல்ஸ் வேண்டாம். வகுப்பு 9. பிப்ரவரியில் அவர்கள் முதலில், மே முதல் பாதியில் நாம். வீடு கொடுப்பதையும் போவதையும் பிரித்துவிட்டோம். ராத்திரி வீட்டுக்கு முன்னாள் மாணவர்களிடம் கேட்கிறோம், இதுவரை ஏழு வீடு வந்திருக்கிறது, இரண்டு பீளமேடு, மற்றதெல்லாம் பள்ளிக்குப் பக்கம். பகல் வீட்டுக்குப் பெயர் கொடுத்த முதல் ஆள் ஒண்டிப்புதூர் அம்மா.

செலவு கணக்கு இன்னும் உதைக்கிறது. டிக்கெட்டும் இன்சூரன்ஸும் சேர்த்தாலே ஆளுக்கு ஒரு லட்சத்தைத் தொடும் போலிருக்கிறது, அதில் ஆறு பிள்ளைகளுக்கு முழுசாக நாங்கள் கட்ட வேண்டும். பன்னிரண்டை எட்டாகக் குறைக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நான் எட்டுக்குச் சாய்கிறேன். முதல் வருடம் சின்னதாக இருக்கட்டும்.

#20 ஆடிட்டர் அண்ணாச்சி

எட்டு சரி. ஆசிரியர் இருவர் டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் விடுவார்கள். அவசரத்துக்கு ஒரு பிள்ளையையும் ஒரு பெரியவரையும் உடனே திருப்பி அனுப்புகிற அளவுக்குப் பணம் தனியாகக் கிடக்க வேண்டும். அது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

#21 ஸ்டுட்கார்ட் சித்தப்பா

வருகிற பிள்ளைகளின் விசா என் பக்கம். பள்ளியில் போய் உட்காரப் போகிறார்கள் என்பதால் சாதாரணச் சுற்றுலா இ-விசா போதுமா என்று மியூனிக்கில் இருக்கிற நம் துணைத் தூதரகத்தில் எழுதிக் கேட்டுவிடுகிறேன். எஸ்லிங்கனில் இரண்டு பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள், ஜெர்மனில் நான் மாற்றுகிறேன். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொன்னாடை, மாலை, குத்துவிளக்கு பற்றி எல்லாம் இப்போதே எழுதாதீர்கள், பயந்துவிடுவார்கள்.

#22 ஒண்டிப்புதூர் அம்மா

பொதுக்கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வைத்தால் ஷிப்ட் முடிந்து லைனிலிருந்து நாலைந்து பேர் வருவோம். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லட்டுமா?

#23 சிங்காநல்லூரான்

கொண்டு வாங்க அக்கா. ஒரிஜினலும் கையில் இருக்கட்டும், எழுத்துக்கூட்டை அங்கேயே பார்த்துவிடலாம். டோக்கன் நம்பர் 47 வருகிறேன் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்.